இரவிவர்மா அச்சுப்படங்கள்: அறிதலும் மதித்தலும்

தமிழகத்துப் பழைய இல்லங்களின் முகப்பிலும் கூடத்திலும் பூசையறையிலும் கண்ணாடிச் சட்டமிட்ட தெய்வப் படங்கள் வரிசையாகத் தொங்கியதை நம்மில் பலர் கண்டிருப்போம். தாமரைமேல் நின்ற திருமகள், வீணை ஏந்திய கலைமகள், அன்னத்திடம் தூது கேட்கும் தமயந்தி, வள்ளி தெய்வானையருடன் மயில்மீது அமர்ந்த சண்முகர் என அவை விரியும். அவற்றுள் நூறாண்டைக் கடந்தவையும் உண்டு. சென்ற ஆண்டு அச்சிட்டவையும் உண்டு. இவை இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி, அறிந்தபின் மதிப்பிடுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கவிதையும் இலக்கியமும் நிறைந்த ஒரு மலரில் இப்பொருளுக்கு இடம் உண்டோ என்று சிலர் ஐயுறலாம். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மா மறைந்தபோது அவருக்கு இரங்கற்பா பாடியவர் பாரதியார் என்பதை அவர்கள் நினைவில் கொள்க. மேலும், ஓலைச்சுவடிகளுக்கு நேர்ந்த கதியே இப்படங்களுக்கும் இன்று நேர்ந்து வருகிறது. சுவடிகளின் அழிவை எண்ணி வருந்தும் தமிழன்பர்கள், தம் வீட்டுச் சுவரில் நிகழும் அழிவையும் ஒருகணம் நோக்குதல் தகும்.

அச்சகம் தோன்றிய வரலாறு

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். ஐரோப்பிய எண்ணெய்வண்ண முறையைக் கற்றுத் தேர்ந்து, அரசர்களையும் புராண மாந்தரையும் உயிருள்ளவர்போல் தீட்டினார். 1880களின் இறுதியில் பரோடா மன்னருக்காக அவர் வரைந்த 14 புராண ஓவியங்கள் அவருக்கு நாடெங்கும் பெரும்புகழ் ஈட்டித் தந்தன. ஆயினும் ஓர் ஓவியம் ஓர் அரண்மனைக்கே உரியது. அதைக் காண விழைந்தோரோ பல்லாயிரவர்.

இக்குறையைப் போக்கும் வழியை முன்னரே எண்ணியவர் ஒருவர் இருந்தார். அவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூர், பரோடா ஆகிய சமஸ்தானங்களில் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். ஒருவருடைய இரு கைகளால் இத்தனை பேர் விருப்பத்தை நிறைவேற்ற இயலாது. ஆதலின் தேர்ந்த ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடச் செய்க என்ற கருத்துப்பட அவர் 1884இல் இரவிவர்மாவுக்கு எழுதினார். இரவிவர்மா படங்களை அயல்நாட்டிற்கு அனுப்பவில்லை. அச்சுப்பொறிகளையும் வல்லுநர்களையும் ஜெர்மனியிலிருந்து இங்கு வருவித்தார். 1894இல் மும்பையில், தம்பி இராஜராஜவர்மாவின் துணையோடு, அவர் தொடங்கிய அச்சகம் இயங்கலாயிற்று. அங்கு முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பைக் காட்டுவது என்பர்.

1896இல் மும்பையில் பிளேக் எனும் கொள்ளைநோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு அகன்றனர். 1899 அளவில் அச்சகம் புணே செல்லும் இருப்புப்பாதையில் லோணாவ்ளாவை அடுத்த மளவலி என்னும் சிற்றூருக்கு மாற்றப்பெற்றது. புகழ்பெற்ற கார்லா குகைகள் அதன் அண்மையில் உள்ளன. பொருள் நெருக்கடியால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரவிவர்மா அச்சகத்தை அங்குப் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானிய வல்லுநருக்கே விற்றுவிட்டார். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் தாதாசாகேப் பால்கே இவ்வச்சகத்துக்காகப் பணிபுரிந்தவர் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஓவியர் மறைந்த பின்னரும் அவர் பெயராலேயே படங்கள் பல பத்தாண்டுகள் வெளிவந்தன. 1972இல் நேர்ந்த தீவிபத்து அச்சகத்தையும் அங்கு எஞ்சியிருந்த பெரும்பகுதியையும் அழித்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். இரவிவர்மா அச்சகத்துப் படம் என்பதாலேயே அது அவர் உயிரோடிருந்த காலத்தது என்று கூறிவிட முடியாது. அச்சகத்தின் பெயர் நெடுங்காலம் வாழ்ந்தது.

கல்லும் எண்ணெயும் நீரும்

படத்தை அறிய விழைவோர் அது ஆக்கப்பட்ட முறையை முதலில் அறிதல் வேண்டும். 1790களின் பிற்பகுதியில் பவேரியாவில் அலோய்ஸ் செனபெல்டர் கண்ட கல்லச்சு முறை மிக எளிய இயற்கை விதி ஒன்றன்மேல் நிற்பது: எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா. நுண்ணிய சுண்ணாம்புக் கல்லின் சமன்செய்த முகத்தில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் நீரை ஏற்கும். அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். தாளை வைத்து அழுத்தப் படம் பதியும்.

வண்ணப் படத்திற்கு ஒரு கல் போதாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். அரக்குச் சேலையின் நிழலுக்கு ஒன்று, முகத்தின் ஒளிக்கு ஒன்று, வானத்து நீலத்துக்கு ஒன்று எனப் பல கற்களில் ஓவியத்தைப் பிரித்து வரைய வேண்டும். ஒரே தாள் அத்தனை கற்களின் மீதும் முறையாகச் சென்று வரவேண்டும்; ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண் ஓரிடத்திலும் மை ஓரிடத்திலுமாகிவிடும். இறுதியில், எண்ணெய்வண்ண ஓவியம்போல் தோன்றும்பொருட்டு வார்னிஷ் பூசுவர். சிலவற்றில் துணியின் இழைபோன்ற வரிகளையும் தாளில் அழுத்திப் பதிப்பர். இதனையே ஓலியோகிராஃப் என வழங்கினர்.

கல்லில் வரைந்த கை இரவிவர்மாவின் கை அன்று. அது பெயர் அறியப்படாத கல்லச்சுக் கலைஞரின் கை. ஓவியத்தைக் கண்டு நிறங்களைப் பகுத்து, புள்ளி புள்ளியாகக் கல்லில் இறக்கியவர் அவர். ஆகவே ஒவ்வோர் அச்சுப்படமும் மூலத்திற்கு ஒருவர் எழுதிய உரைபோன்றது. உரையாசிரியர் பெயர் மட்டும் நமக்குக் கிட்டவில்லை.

கண்டறியும் முறை

முதற்கண் எழும் வினா, சுவரில் தொங்குவது ஓவியமா அச்சா என்பது. வார்னிஷ் பூசிய படம் பளபளப்பதாலும், கீழ் மூலையில் இரவிவர்மாவின் கையொப்பம் இருப்பதாலும் அதை மூல ஓவியம் எனக் கருதி மகிழ்வோர் உளர். அக்கையொப்பம் கல்லிலேயே வரையப்பட்டு, ஏனைய நிறங்களோடு அச்சானது. ஆதலின் அது சான்றாகாது. படத்தைத் தாங்குவது தாளா துணியா என்பதே முதற்சான்று. எண்ணெய் ஓவியத்தில் தூரிகை சென்ற தடம் மேடுபள்ளமாக, வரைந்த உருவத்தின் போக்கைப் பின்பற்றி இருக்கும். அச்சுப்படத்தில் அழுத்திப் பதித்த இழைவரிகளோ முகமென்றும் மரமென்றும் பாராமல் ஒரே சீராக ஓடும்.

அடுத்த வினா, பழைய கல்லச்சா பிற்கால அச்சா என்பது. இதற்குப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். படத்தின் முகப்பகுதியை அதனால் நோக்குக. கல்லச்சில் புள்ளிகள் கையால் இட்டவை. சில பெரியன, சில சிறியன. நெருக்கமும் இடைவெளியும் ஒழுங்கற்று, கோலப்பொடி சிந்தியதுபோல் காணப்படும். பிற்கால ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை பிறழாமல் நின்று, நான்கு நிறங்களும் கூடிச் சிறு பூவட்டங்களாகத் தோன்றும். இவ்வட்டங்களைக் கண்டால் அது பழைய கல்லச்சுப் படம் அன்று எனத் துணியலாம். இக்காலத்துக் கணினி அச்சிலும் மிக நுண்ணிய மைத்துளிகள் ஒழுங்கின்றித் தெளித்தாற்போல் காணப்படும். ஆதலால் புள்ளியை மட்டும் நம்பாமல் தாளையும் நோக்குதல் வேண்டும்.

மூன்றாவதாக, கீழ் ஓரத்து எழுத்துகள். படத்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நாகரி எழுத்திலும் இருக்கும். அதனருகே அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். மும்பை எனில் தொடக்ககாலப் படமாக இருக்க வாய்ப்பு மிகுதி. கார்லா, லோணாவ்ளா, மளவலி ஆகிய பெயர்கள் இருப்பின் இடமாற்றத்துக்குப் பிற்பட்டது எனலாம். விற்பனையாளர் பெயரும் சிலவற்றில் உண்டு. இரவிவர்மாவின் பெயரை அன்றி வேறு அச்சகத்தின் பெயரைத் தாங்கிய பழம்படங்களும் பல. 1878இல் தோன்றிய கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ, அதே காலத்துப் புணே சித்திரசாலை, ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான படங்கள் ஆகியவையும் நம் வீடுகளை அடைந்தன. பழைய தெய்வப் படம் எதுவாயினும் இரவிவர்மா படம் என்று அழைக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. அது பேச்சுக்குப் பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது.

சட்டம் இடுவோர் தம் அளவுக்கேற்ப ஓரத்தை வெட்டிவிடுவது முற்கால வழக்கம். அப்போது எழுத்தும் போய்விடும். அந்நிலையில் சட்டமே சான்றாகும். நெடுங்காலம் ஒரே சட்டத்தில் இருந்த படத்தில், மர விளிம்பு மறைத்த பகுதி ஒளிபடாமல் நிறம் மங்காதிருக்கும். ஏனைய பகுதி வெளிறியிருக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட கோடு இப்போதைய சட்டத்தின் விளிம்போடு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். பின்புறத்து மெல்லிய பலகைகளின் இடுக்குகள் தாளின் முதுகில் பழுப்புக் கோடுகளாகப் படிந்திருக்கும். ஆணித் துருவின் தடமும் தாளோடு பொருந்தும். பழைய சட்டத்தில் புதிய படத்தைப் பொருத்தி, தாளைத் தேநீரில் நனைத்துப் பழமை காட்டுவோரிடம் இக்கோடுகளும் தடங்களும் ஒன்றோடொன்று பொருந்தா.

விலை

2023இல் இரவிவர்மாவின் யசோதையும் கண்ணனும் என்னும் ஓவியம் ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. இத்தகைய செய்தி வெளிவரும்போதெல்லாம் பூசையறைப் படத்தைக் கழற்றிப் பார்ப்போர் தொகை பெருகுகிறது. அக்கோடிகள் எண்ணெய் ஓவியத்துக்கு உரியவை; ஆயிரக்கணக்கில் அச்சான படத்துக்கு உரியவை அல்ல. இரண்டிற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு.

சந்தையில் அச்சுப்படத்தின் விலையை முடிவு செய்வன சில. படம் அரிதா பரவலா என்பது ஒன்று. திருமகள், கலைமகள் படங்கள் மிகுதியாக அச்சாயின, அரிய புராணக் காட்சிகள் குறைவு. ஓர எழுத்துகள் வெட்டுப்படாமை மற்றொன்று. நிறம் மங்காமை, நீர்க்கறையின்மை, இராமபாணப் பூச்சி துளைக்காமை, பழைய தேக்குச் சட்டம் மாறாமை ஆகியன ஏனையவை.

சட்டத்தையும் அறிதல் நன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்கள் தொல்பொருள் என அச்சட்டம் வகுக்கிறது. அவற்றைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புதல் குற்றம். இரவிவர்மாவின் ஓவியங்கள் 1979இல் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பெற்றன. அவையும் நாட்டைவிட்டு வெளியேறுதல் கூடாது. அயல்நாட்டு உறவினர்க்கு அன்பளிப்பாகப் பழைய படத்தைக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

கறையே சான்று

இதுவரை கூறியது விலை. இனி மதிப்பு.

சந்தை குறை எனக் கழிப்பவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். திருமகளின் நெற்றியில் கண்ணாடிமேல் இட்ட குங்குமம் கசிந்து தாளில் செம்புள்ளியாயிற்று. விளக்குப் புகையால் மேற்பகுதி கருத்தது. வீட்டுப் பெண்கள் கலைமகளின் சேலைமீது ஜரிகையும் சமிக்கியும் மணியும் வைத்துத் தைத்தனர். அதனால் தாளில் ஊசித் துளைகள் விழுந்தன. பின்பலகையில் யாரோ ஒருவர் மையால் ஒரு பெயரும் நாளும் எழுதி வைத்தார். சேகரிப்போர் சிலர் ஜரிகை வேலையை விரும்பி வாங்குவர். ஆயின் குங்குமத்தையும் புகையையும் எழுத்தையும் துடைத்துத் தூய்மை செய்தபின்னரே விற்பனைக்கு வைப்பது பெருவழக்கு.

வரலாற்று மாணவன் இதற்கு மாறாக நோக்குவான். ஒரே கல்லிலிருந்து ஆயிரம் படங்கள் வெளிவந்தன. அச்சகத்தின் வாயிலைக் கடந்தபோது அவை அனைத்தும் ஒன்றே. சந்தை போற்றும் கறையற்ற படம் இன்றும் அந்த ஆயிரத்தில் ஒன்றாகவே நிற்கிறது. குங்குமம் கசிந்த படமோ ஒரு வீட்டிற்குள் நுழைந்து, ஒரு குடும்பத்தின் வெள்ளிக்கிழமைகளைத் தாங்கி, வேறெங்கும் இல்லாத தனிப்படம் ஆயிற்று. அச்சால் பலவாகிய பொருளை மீண்டும் ஒன்றாக்கியது வழிபாடு. அவ்வழிபாட்டின் எழுத்துச் சான்று அந்தக் கறைதான்.

இதன் சமூகப் பொருளும் சிறிதன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். திருவிதாங்கூரில் ஆலய நுழைவு அறிவிப்பு வந்தது 1936இல். அவற்றுக்கு நாற்பதாண்டு முன்பே அச்சுப்படங்கள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. கருவறை வாயிலில் சாதி கேட்டனர். படக்கடையில் விலை மட்டுமே கேட்டனர். விலையும் ஒரு தடையே எனினும் அது காலப்போக்கில் இறங்கக்கூடிய தடை. எளிய ஒரு குடிலில் திருமகள் படம் எந்த ஆண்டு ஏறியது, யார் வாங்கி வந்தார், எவ்வளவு கொடுத்தார் என்பன எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. பின்பலகையில் எழுதிய ஒரு வரியிலோ பாட்டியின் நினைவிலோ மட்டுமே உண்டு.

பின்னர் வந்தது நாட்காட்டிக் காலம். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) தெய்வ உருவங்களைத் தமிழ் மரபுக்கேற்ப வரைய, சிவகாசி அச்சகங்கள் அவற்றை இலட்சக்கணக்கில் பரப்பின. ஆண்டுதோறும் புதிய படம் கையில் வர, பழைய படம் சுவரை விட்டு இறங்கிற்று. கண்ணாடி உடைந்த தெய்வப் படத்தை வீட்டில் வைத்தல் ஆகாது என்ற நம்பிக்கையால் பல படங்கள் அரசமரத்தடிக்கும் ஆற்றுக்கும் சென்றன. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதையை உ. வே. சாமிநாதையர் வாயிலாக அறிந்து நாம் பெருமூச்செறிகிறோம். பக்தியால் அழிப்பது என்ற அந்தப் பழக்கம் ஏட்டோடு முடியவில்லை.

இன்று செட்டிநாட்டு வீடுகள் பல பிரிக்கப்படுகின்றன. அங்குள்ள பொருள்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, பின் நாடெங்கும் பரவுகின்றன. படம் அழியாமல் இன்னொரு சுவருக்குச் செல்வது ஒருவகையில் நன்றே. ஆயின் பின்பலகையை மாற்றிப் புதிய சட்டம் இடும்போது, அப்படம் எந்த ஊரில், எந்த வீட்டில், யாரால் வழிபடப்பட்டது என்ற செய்தி அறுந்துவிடுகிறது. ஏட்டின் இறுதியில் எழுதினவன் பெயரும் நாளும் ஊரும் இருக்கும் ஓலையைக் கழற்றி எறிந்துவிட்டு, பாட்டை மட்டும் வைத்துக்கொள்வதற்கு இது நிகர்.

செய்யத்தக்கவை

படம் உள்ள வீட்டார்க்கு வேண்டுவன சிலவே. ஈரத்துணியால் தாளைத் துடைத்தல் ஆகாது. வெயில் படும் சுவரும் ஈரம் ஏறும் சுவரும் ஆகா. படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பின் பிரிக்க முயலாமல் அவ்வாறே விடுதல் நன்று. வலிந்து பிரித்தால் நிறம் கண்ணாடியோடு போய்விடும். பசையிட்டு அட்டையில் ஒட்டுதலும் நெகிழித்தாளால் மூடி இறுக்குதலும் திருத்தமுடியாத கேடுகள். பின்பலகை பூச்சியரித்து மாற்ற நேர்ந்தால், பழைய பலகையிலுள்ள எழுத்தைப் படமெடுத்து, பலகையையும் காத்து வைத்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது எழுதிவைத்தல். படத்தின் பெயர், நீள அகலம், ஓர எழுத்துகள், அச்சகத்தின் ஊர், சட்டத்தின் மரம், கறைகளும் தையல்களும் இருக்கும் இடம், யார் எப்போது எங்கு வாங்கினார், எந்த அறையில் தொங்கியது, எந்நாளில் பூச்சூட்டினர், யார் தைத்தார் என்று ஒரு தாளில் பத்து வரி எழுதினால் போதும். அத்தாளைச் சட்டத்தின் பின்னே ஓர் உறையில் வைத்துவிடலாம். நாளை படம் விற்கப்பட்டாலும் அதன் வரலாறு உடன் செல்லும்.

நம் வட்டத்து அன்பர்கள் சொல்லை ஆள்பவர்கள். கேட்டதை எழுத்தில் நிறுத்தும் பயிற்சி உடையவர்கள். பத்தாண்டு நிறைந்த இவ்வேளையில், ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள ஒரு படத்திற்கு இப்பத்து வரிகளை எழுதி வைப்பாராயின் அது நற்பணியாகும். அந்த வீடுகளின் மூத்த பெண்மணிகள் சொல்ல இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். கல்லச்சுக் கலைஞனின் பெயர் நமக்குக் கிட்டாமல் போயிற்று. ஜரிகை தைத்த கைகளின் பெயர் கிட்டுவது இன்றும் அரிதன்று.